அணியத்துப் பெண்ணின் தலை

எங்கள் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் பொழுதுபோக்காக எதைச் செய்யலாம் என்பதில் ஊராருக்கு ஒரு தெளிவு உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு யார் வரக்கூடாது என்று சண்டை பிடிக்கலாம். இரண்டு பேரின் வேலித் தகராறில் மூன்றாவது ஆளாகப் போய் நின்று அதை வழக்காக வளர்த்துவிடலாம். தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அடுத்தவன் மகளுக்கு ஏன் இன்னும் கலியாணம் சரிவரவில்லை என்று ஆராயலாம். இவையெல்லாம் பெரிய மனிதர்களின் காரியங்கள். மேசையில் குனிந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் பாய்க்கப்பலுக்குத் தையல் நூலில் கயிறு கட்டுவது அதில் சேராது. நான் ஐந்து வருடமாக அதைத்தான் செய்தேன்.

சம்பளத்துக்கு நான் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞர். இறக்காமத்துப் பக்கம் ஒரு குளத்துக்கு மதகு வேண்டுமென்றால் அதைக் கோடு கோடாக வரைந்து கொடுப்பேன். வரைந்த மதகுகளில் பாதி கட்டப்படவே இல்லை. கட்டப்பட்டவற்றைப் போய்ப் பார்த்தால், அவற்றை வரைந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். படத்தில் இருந்த படிக்கட்டு தரையில் இருக்காது, தரையில் இருக்கும் சுவர் படத்தில் இருக்காது. இப்படிப்பட்டவனுக்கு, ஒரு பொருளாவது படத்தில் உள்ளபடி கடைசி ஆணிவரை சரியாக வரவேண்டும் என்ற வெறி பிடித்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது சவூதியில் வேலை செய்யும் என் தம்பி. என்னவென்று தெரியாமல், பெட்டி பெரிதாக இருக்கிறது என்பதற்காக வாங்கி வந்திருந்தான். உள்ளே ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பல், நூற்றில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக இருந்தது. மூன்று பாய்மரங்கள், நாற்பத்துச் சொச்சம் பீரங்கிகள், நகத்தின் அளவு நங்கூரங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, வெட்டிய தழும்பை அரத்தாளால் தேய்த்து, நிறம் பூசி, ஒட்டவேண்டும். பெட்டியில் வந்த கயிற்றேணிகள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு மீன் முள்ளுப் போல விறைத்து நின்றன. அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, தேன்மெழுகு தடவிய நூலில் நானே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஓர் ஏணிக்கு ஒரு மாதம் போனது. என் மனைவியின் தையல் பெட்டியில் கறுப்பு நூல் என்று ஒன்று இல்லாமலே போனது.

கடல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் தோணியில் ஏறினேன். அது கரையில் கட்டியிருந்த தோணி. அதிலேயே எனக்கு வாந்தி வந்துவிட்டது. இதை நானே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

என் மனைவியின் மூத்த சகோதரர் ஒருவர் இருக்கிறார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருக்கிறார். இரண்டில் எது அவருடைய முழுநேர வேலை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கப்பலின் உடம்பு கூடி வந்த நாட்களில் ஒருநாள் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"மச்சான், பறங்கி விரட்டி விட்டுத்தான் நம்மட மூத்தாக்கள் இந்தக் கரைக்கு வந்த. நீங்க அவன்ட கப்பலையே ஊட்டுக்க கொண்டு வந்து வெச்சிரிக்கீங்க."

"இது போத்துக்கீசன்ட கப்பல் இல்ல மச்சான். இங்கிலீசுக்காரன்ட."

"எல்லாம் ஒரே கோத்திரந்தான்" என்றார். அத்தோடு வரலாறு முடிந்தது.

கப்பலின் முன்பக்கத்தை எங்கள் கரையில் அணியம் என்பார்கள். அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் அணியத்தில் ஒரு சிலை இருக்கும். சிங்கம் இருக்கும், ராசா இருப்பான், பெரும்பாலும் பெண் இருப்பாள். என்னுடையதில் இருந்தவள் பெண். நல்ல காலம், அச்சு வார்த்தவன் அவளுக்குக் கழுத்துவரை சட்டை போட்டுவிட்டிருந்தான். மற்றப் பெட்டிகளில் வருகிறவர்களைப் பற்றி நான் எழுதமாட்டேன், எனக்கும் ஊரில் இருக்கவேண்டும். விரித்த முடியோடு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அலையைப் பார்த்துச் சாய்ந்து நின்றாள். தலை ஒரு கடலை அளவுதான். தூரிகையில் ஒற்றை மயிரை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அவளுக்குக் கண் வைத்தேன். இடது கண் சரியாக வந்த அன்று வலது கண் கெட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ஒரு நோன்பு மாதத்தின் பிற்பகல்கள் அந்த இரண்டு கண்களில் போயின. கடைசியில் அவள் என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தூரத்தில் எதையோ பார்த்தாள். அந்தப் பார்வை வந்த அன்று நான் பட்ட சந்தோசத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

கப்பல் முடிந்தபோது அதன் நீளம் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. முன்ஹோலில் அதற்கென்றே தச்சனைக் கொண்டு ஒரு கண்ணாடி அலுமாரி செய்து வைத்தேன். மௌலவி யாராவது வீட்டுக்கு வருகிறார் என்றால் என் மனைவி ஓடிவந்து, "இஞ்சாருங்க, அவவக் கிறுக்கி வைங்க" என்பாள். நான் கப்பலைத் திருப்பி, அணியம் சுவரைப் பார்க்கும்படி வைப்பேன். வந்தவர் கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

அப்போதுதான் மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. நான் இருபத்தெட்டு வருடமாக வாழும் இந்த வீடு என் மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்தது. இனி அது என் மகளுக்கு. நானும் மனைவியும் குசினிக்குப் பின்னால் கட்டிய இரண்டு அறைகளுக்கு நகரவேண்டும். ஒரு ஆண் இந்த ஊரில் மாப்பிள்ளையாக முன்வாசலால் நுழைந்து, மாமனாராகப் பின்வாசல் பக்கம் ஒதுங்குகிறான். இடையில் உள்ள காலத்தில் அவன் தன்னை வீட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டால் அது அவனுடைய பிழை.

எனக்கு வீட்டைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. கப்பல் எங்கே போகும் என்பதுதான் கவலை. பின்னறைகளை நான்கு தரம் அளந்து பார்த்தேன். கட்டிலை வைத்தால் அலுமாரி வைக்க இடமில்லை, அலுமாரியை வைத்தால் என் மனைவி படுக்க இடமில்லை. இரண்டாவது ஏற்பாட்டை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓட்டுக்குக் கீழே பரணில் ஏற்றினால் ஒரு கோடையின் வெக்கையில் பாய்மரங்கள் வளைந்துவிடும், ஒரு மாரியில் நூலெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே கப்பல் பிழைக்கவேண்டும் என்றால் அது முன்ஹோலில்தான் இருக்கவேண்டும். முன்ஹோல் இனி மாப்பிள்ளையுடையது. அவருடைய ஆட்களுக்குப் பிடிக்காவிட்டால் என் ஐந்து வருடத்துக்கும் பரண்தான் கதி.

மாப்பிள்ளை மகளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர், கட்டாரில் பொறியியலாளர். அவரை மகளுக்கு முன்பே பிடித்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது என்று மகள் நடித்தாள், தெரியாது என்று நாங்களும் நடித்தோம். வீடு பார்க்க வரப்போகிறவர் மாப்பிள்ளையின் வாப்பா. நெல் ஆலை வைத்திருப்பவர், மூன்று தரம் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், மனைவி மௌத்தாகித் தனியாளாகி இரண்டு வருடம் ஆனவர். இவ்வளவுதான் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரியும். மிச்சத்தை என் மச்சான் ஊகித்துத் தந்தார்.

"மூணு தரம் ஹஜ்ஜுக்குப் போன மனிசன். சிலை இரிக்கிற ஊட்டுக்கு மகனை அனுப்புவாரா? வாசலோட திரும்பிப் போயிருவார். கிறுக்கி வெக்கிற கதையெல்லாம் அவரிட்டச் சரி வராது. ஊடு பாக்க வாறவர் சுத்திப் பாப்பார்."

"அவ ஒரு விரலுக்கும் இல்ல மச்சான்."

"சிலையில சின்னன் பெரிசு இல்ல. ஆனா ஒண்டு இரிக்கி. தல இல்லாட்டி அது சிலையில்ல, வெறும் சாமான். தலைய மட்டும் எடுத்திருங்க, கப்பல் அப்பிடியே இரிக்கட்டும்."

என் மனைவி துணியை எடுத்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தாள். பிறகு, "புள்ளைர வாழ்க்கை" என்று இரண்டே சொல் சொன்னாள்.

நான் அன்று ஒரு பெரிய சொற்பொழிவு செய்திருக்கவேண்டும். இது வணங்குவதற்கு வைத்தது இல்லை, வரலாற்றில் இருந்தது இருந்தபடி செய்தது, அவள் இல்லாமல் இந்தக் கப்பல் கப்பலே இல்லை என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும். தேநீர்க் கடையில் என்னைச் சீண்டுகிறவர்களிடம் பல தரம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அன்று, இன்னும் வந்து பார்க்காத ஒரு மனிதர் கேட்காத ஒரு கேள்விக்கு நான் பதிலை முந்திக்கொண்டு தயார் செய்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அலுமாரியைத் திறந்து, பல் வைத்த சின்ன வாளை எடுத்து, அவளுடைய கழுத்தில் வைத்தேன். பிளாஸ்டிக் மென்மையானது, நாலு இழுப்பில் வந்துவிட்டது. வெட்டிய இடத்தை, கைப்பழக்கத்தில், அரத்தாளால் ஒருதரம் தேய்த்தும் விட்டேன். வெட்டுவதைக்கூட ஒழுங்காகத்தான் செய்யவேண்டும் என்ற புத்தி எனக்கு.

தலையை என்ன செய்வது என்பதில் அடுத்த ஆலோசனை நடந்தது. வீட்டில் வைத்தால் அதுவும் சிலைதான் என்றார் மச்சான். குப்பையில் போட என் மனைவிக்கு மனம் வரவில்லை, முகம் அல்லவா என்றாள். முடிவில் மச்சான் அதை ஒரு கடதாசியில் சுற்றி, பிஸ்மி சொல்லி, தானே கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தார். என் கப்பலில் கடலைப் பார்த்த ஒரே உறுப்பு அதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்தார்கள். ஹாஜியாரும் அவருடைய இரண்டு சகோதரிகளும். வீடு பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது அல்ல. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து மூடினார்கள். சுவரில் இருந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் இருந்தார்கள். அதை நாங்களும் பார்த்தோம். சகோதரிகள் குசினியில் நின்று அடுப்பின் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். கந்தோரில் நான் வரைந்த மதகை மேற்பார்வை செய்ய வருகிறவர்கள் இதில் பாதி கவனத்தோடு பார்த்திருந்தால், இறக்காமத்தில் எத்தனையோ வயலுக்கு நேரத்துக்குத் தண்ணீர் போயிருக்கும்.

கடைசியில் ஹாஜியார் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றார். கப்பலை நான் அன்று திருப்பி வைக்கவில்லை. அணியம் அவரைப் பார்த்தபடி இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். என் மச்சான் எனக்குப் பக்கத்தில், பரீட்சை பாஸ் பண்ணப் போகிறவர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"தம்பி, தல எங்க?" என்றார் ஹாஜியார்.

எனக்கு விளங்கவில்லை. "எந்தத் தல ஹாஜியார்?"

"இந்தப் புள்ளைர தல. படத்துல இரிந்திச்சே. மகன் போன்ல காட்டின. ரெண்டு கண்ணும் உசிரோட பாக்கிற மாதிரி இரிந்திச்சி. அதக் கிட்டப் பாக்கணும் எண்டுதான் நான் கண்ணாடியும் கொண்டு வந்த."

மாப்பிள்ளையின் போனுக்கு அந்தப் படம் எப்படிப் போனது என்பது எல்லாருக்கும் உடனே விளங்கியது. அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். முதலில் வாய் திறந்தது என் மச்சான்.

"பூன தட்டிட்டு ஹாஜியார்" என்றார். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

"அல்லாவே" என்று ஹாஜியார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கலியாணத்துக்குள்ள ஒட்டிருங்க தம்பி. மகன் அங்க கூட்டாளிமாருக்கெல்லாம் காட்டி, எங்கட மாமா செஞ்ச எண்டு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறான். வந்து இப்பிடிப் பாத்தா கவலப்படுவான்."

அறை வாசலின் திரைக்குப் பின்னால் மகள் நின்றாள். அவளுடைய கால்கள் மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தன. அவர் பேசி முடித்ததும் அந்தக் கால்கள் திரும்பி உள்ளே போயின.

வந்தவர்கள் வட்டிலப்பம் தின்று, துஆ ஓதி, திருப்தியாகப் போனார்கள். மச்சானும் மெதுவாக நழுவிவிட்டார். மகள் வெளியே வந்து அலுமாரியைத் திறந்து, வெட்டிய கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"என்னத்துக்கு வாப்பா வெட்டின நீங்க?"

"உனக்காகத்தான் மகள்."

"என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நான் அவருக்கு முதன்முதலா அனுப்பின படமே இதுதான். என்ட படத்துக்கு முன்னம் இத அனுப்பின" என்றாள். பிறகு அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போனாள். இத்தனை வருடமும் அவள் இந்த ஹோலால் போகும்போது கப்பலைப் பார்க்காமல் போவாள். அவளுக்கு இது வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். தகப்பனைப் பற்றிப் பெருமைப்படுவதைத் தகப்பனுக்குக் காட்டக்கூடாது என்பது எங்கள் ஊரின் இன்னொரு ஒழுங்கு. நான் அன்று அவமானத்தால் செத்தேன்.

அடுத்த வாரம் நாங்களும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நாள் குறித்துவிட்டு வந்தோம். கலியாணத்துக்கு ஏழு கிழமை இருந்தது. தலையை எங்கே தேடுவது? கடலில் தேட முடியாது. இன்னொரு பெட்டி வரவழைக்க நாள் போதாது. நானே செதுக்கிப் பார்த்தேன். எனக்குக் கோடு வரைய வரும், முடிச்சுப் போட வரும், முகம் வராது. முதல் தலை உருளைக்கிழங்குபோல் வந்தது. இரண்டாவது என் மச்சானைப்போல் வந்தது, அதை உடனே அழித்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்குப் போனேன். அங்கே கோயில் வாகனங்களுக்கு மரவேலை செய்கிற ஒருவர் இருந்தார். எங்கள் கந்தோரில் காவலாளியாக இருந்தவரின் உறவுக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். கால் உடைந்த ஒரு மரக்குதிரையை மடியில் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். நான் கப்பலிலிருந்து கழற்றி, துவாயில் சுற்றிக் கொண்டுபோன அணியத்துப் பெண்ணை எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பிடிக் காக்கா ஒடஞ்ச?" என்றார். எங்கள் ஆட்கள் எந்த வயதானாலும் அவர்களுக்குக் காக்காதான், அதாவது அண்ணன்.

"விழுந்துட்டு அண்ணன்."

அவர் கழுத்தைப் பெருவிரலால் தடவினார். "விழுந்து ஒடஞ்சா இப்பிடி வராது. இது வாளால அறுத்திருக்கு. அறுத்திட்டுத் தேய்ச்சும் இருக்கு."

தொழில்காரனிடம் பொய் சொன்னால் இப்படித்தான். "நான்தான் அறுத்த" என்றேன்.

"என்னத்துக்கு?"

"மகள்ர கலியாணத்துக்கு."

அவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் காரணம் கேட்கவில்லை. மரக்குதிரையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "நான் வெட்டுப்பட்ட சாமித் தலைக்கு முன்னமும் வேல செஞ்சிருக்கன் காக்கா. எங்கட பக்கத்துலயும் உங்கட பக்கத்துலயும் கலவரமெல்லாம் நடந்த காலம் ஒண்டு இருந்ததுதானே. ஆனா வெட்டின ஆளே தூக்கிக்கொண்டு வந்தது இதான் முதல்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு வேப்பங்குச்சியின் நுனியில், அதை வெட்டி எடுக்காமலே, பத்து நாளில் ஒரு முகத்தைச் செதுக்கினார். நான் போய்ப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. பெரிய கண்கள், நிறைந்த கன்னம், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. வெள்ளைக்காரி எங்கேயோ போய்விட்டாள். திருவிழாவில் தேரில் வருகிற முகம் அது.

"அண்ணன், இது..."

"பொட்டு வெக்கல்ல, பயப்படாதீங்க" என்றார். "எனக்கு ஒரு பொம்புள முகந்தான் படிப்பிச்சிருக்கு. அதத்தான் செய்வன்."

கொண்டுவந்து ஒட்டினேன், நிறம் பூசினேன், கண் வைத்தேன். இந்தத் தரம் இரண்டு கண்ணும் ஒரே நாளில் சரியாக வந்தன. அவள் தூரத்தில் எதையும் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்த்தாள். கலியாண நாளில் என் மச்சான் அலுமாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இது எங்கயோ கண்ட முகமா இரிக்கி மச்சான்" என்றார். வாகன நெரிசலில் பாண்டிருப்புக் கோயில் வாசலில் அவருடைய வான் அடிக்கடி மாட்டிக்கொள்வது உண்டு. நான் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன்.

கலியாணம் முடிந்து நாலாம் நாள், நான் பின்னறையில் செருப்புக்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது மருமகன் கூப்பிட்டார். முன்ஹோலுக்குப் போனேன். அவர் அலுமாரிக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் பழைய முகம், கண்ணாடிக்குள் புதிய முகம்.

"மாமா, இது வேற ஆள்."

பூனைக் கதை என் நாக்கின் நுனிவரை வந்தது. மகள் அறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம் மருமகன்" என்றேன். "பழையவட தலைய நான்தான் வெட்டின. உங்கட வாப்பா ஊடு பாக்க வாறார் எண்டு பயந்து வெட்டின."

அவர் முதலில் சிரித்தார். நன்றாக, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வாப்பாவும் அப்பிடித்தான் மாமா. நீங்க எல்லாரும் எங்கட ஊட்ட வந்தீங்களே, அதுக்கு முந்தின நாள் சுவருல இரிந்த படம் எல்லாத்தையும் கழட்டிட்டார். பொண்ணுர மாமா பள்ளி நிர்வாகத்துல இரிக்கிறவர், மார்க்கமான ஆக்கள், ஏதும் நினைப்பாங்க எண்டு. உம்மாட படத்தையும் கழட்டி, சீலையில சுத்தி, கட்டிலுக்குக் கீழ வெச்சிட்டார். இன்னும் மாட்டல்ல. கலியாணம் முடிஞ்சும், அவங்க வந்து போற ஊடு எண்டு சொல்லிக்கிட்டு இரிக்கார்."

நாங்கள் அங்கே போன நாளை நினைத்துப் பார்த்தேன். வெறும் சுவரைப் பார்த்து என் மச்சான், "மார்க்கப்பற்றான ஊடு" என்று என் காதில் பாராட்டினார். நானும் ஓம் என்று தலையாட்டினேன். ஹாஜியார் எங்களுக்குத் தேநீரை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, எங்கள் கண்கள் சுவரில் எங்கே போகின்றன என்று பார்த்தார். உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, உம்மாட படத்த இந்த ஹோல்ல மாட்டினா உங்களுக்கு ஏதும் வருத்தமா?"

இந்த முன்ஹோல் இனி அவருடையது. என்னைக் கேட்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. இருந்தும் கேட்டார். நான் என் மகளிடம் கேட்காததை அவர் என்னிடம் கேட்டார். சுத்தியலைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அன்று அஸருக்குப் பிறகு அவரே போய் வாப்பாவிடம் சொல்லி, படத்தை வாங்கிக்கொண்டு வந்தார். முக்காடு போட்ட, வாய் கொஞ்சம் திறந்து எதையோ சொல்ல வந்ததுபோல் சிரிக்கிற ஒரு பெண். மருமகன் ஆணியை அடித்தார், மகள் படத்தைத் துடைத்துக் கொடுத்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். இத்தனை நாளும் என்னிடமிருந்துதான் ஒன்று வெட்டப்பட்டது, ஊர்தான் வெட்ட வைத்தது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹாஜியாரின் வீட்டில் நான் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. ஆனால் அவருடைய மனைவியைச் சுவரிலிருந்து இறக்கியது நான்தான்.